பேர் சொல்லாத படையல்

கண்டல்முனைச் சனம் செத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, கூப்பிட்ட விதத்தில் ஒரு பிழை விட்டது. அந்தப் பிழையால் உலகத்தின் பாதி அவர்களுடைய வாசிகசாலைக்குள் வந்து சப்பணம் கட்டி உட்கார்ந்து சோறு கேட்டது. ஆனால் பிழை முழுக்கச் சனத்தின்மேல்தான் என்று சொல்லுகிறவன் அந்த ஊரில் இருந்தவனில்லை, ஏனென்றால் சண்டை முடிந்த மே மாதத்துப் படையலுக்கு முதல் நாள் பொலிஸ் ஜீப் ஒன்று களப்பு என்கிற கடலேரியின் கரை நெடுகப் போய்வந்து, ஒலிபெருக்கியில், உடைந்த தமிழில், அழலாம், சமைக்கலாம், விளக்குக் கொளுத்தலாம், ஆனால் செத்தவர்களின் பேர் சொல்லக் கூடாது, படம் வைக்கக் கூடாது, மீறினால் உள்ளே போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. பேர் சொல்லாமல் செத்தவனை எப்படிக் கூப்பிடுவது? விசில் அடித்தா?

கிராமச் சங்கச் செயலாளர் பரராசா ஓட்டோ ஓடுகிறவர். எந்தச் சட்டத்திலும் ஓட்டோ போகிற அளவுக்கு ஒரு இடைவெளி கண்டுபிடித்துவிடுவார்.

"பேர்தானே சொல்லக் கூடாது? எதாலை செத்தவையோ, அதைச் சொல்லிக் கூப்பிடுவம்," என்றார்.

"அப்ப செல்லாலை செத்தவை எண்டு சொல்லுவமோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"விசரே உனக்கு? செல் எண்டா ஆற்றை பீரங்கி அடிச்சதெண்டு கேள்வி வரும். ஏகே நாற்பத்தேழுத் துவக்கு எண்டு சொல்லு. அது ஆமி, இயக்கம் ரெண்டு பகுதியும் தோளிலை கொழுவிக்கொண்டு திரிஞ்ச சாமான். ஆற்றை துவக்காலை வெடி வந்ததெண்டு கடவுளுக்கும் தெரியாது. வழக்கே போட ஏலாது!"

சனம் கைதட்டியது. பின்னுக்கு நின்ற கம்சாயினி மட்டும் தட்டவில்லை. பதினேழு வயது, கணக்கில் கோட்டை விட்டு, சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கார்மென்ட்ஸில் கொலர் தைக்கிறவள், அங்கே சிங்களப் பெட்டைகளோடு சண்டை பிடித்தே சிங்களம் பழகியவள். "ஆர் சுட்டதெண்டு தெரியாட்டி உங்களுக்கு அவ்வளவு சந்தோசமோ மாமா?" என்று கேட்டாள். "வாய்க்காரி," என்றார் பரராசா. ஊரும் அதைத்தான் சொன்னது.

அவளுடைய தாய் தவமலர் படையலுக்குச் சோறு வடித்தாள், பருப்புக் காய்ச்சினாள், கத்தரிக்காய் பொரித்தாள், ஆனால் கணவாய்க் கறி வைக்கவில்லை. கணவாய் மீன் நிமலனுக்குப் பிடித்த கறி. நிமலன் கம்சாயினியின் அண்ணன். பதினாறு வயதில், கடைசிச் சண்டைக்கு முன்னம், இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போய், தோளில் ஒரு துவக்கைக் கொழுவிவிட்டது. அதோடு அவனை ஒருவரும் காணவில்லை. செத்தான் என்று சொன்ன ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொன்ன ஆளும் இல்லை. காணாமல் போனவர்களுக்காகத் தெருவோரத்தில் போட்ட கொட்டகையில், அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு தவமலர் வருடக்கணக்காக இருந்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவளாவது படைப்பாளா? படைக்க மாட்டாள்.

வாசிகசாலைக்குள் வெள்ளைத் துணி விரித்து, வாழையிலை போட்டு, எல்லாம் பரிமாறி, பரராசா விளக்கைக் கொளுத்தி, தொண்டையைச் செருமி, "ஏகே துவக்காலை செத்த எல்லாரும் வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்று கூப்பிட்டார். பிறகு வழமைப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், ஏனென்றால் செத்தவர்கள் ஆட்கள் பார்க்கச் சாப்பிட மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளே இலை சரசரத்தது. பிறகு யாரோ மிளகாய்த்தூளின் உறைப்புத் தாங்காமல் இருமு இருமென்று இருமினார்கள்.

கதவைத் திறந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. ஊர் முகம் ஒன்றும் இல்லை, ஊரில் செத்தவர்கள் செல்லால் செத்தவர்கள். தடித்த கம்பளிக் கோட்டுக்காரன், வயல் தொப்பி போட்ட சின்ன உருவ மனிதர்கள், தலைப்பாகைக்காரர்கள், முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்த கறுத்த உயர்ந்த பெண், பள்ளிக்கூடப் பையோடு பொடியன்கள், முக்காடு போட்ட கிழவி, நெருக்கி நெருக்கி உட்கார்ந்து இலையை வழித்துக்கொண்டிருந்தார்கள். இரத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொருவருடைய உடம்பிலும் எங்கோ ஓரிடத்தில் ஓட்டை இருந்தது, நெஞ்சில், வயிற்றில், கழுத்தில், அந்த ஓட்டைகளுக்குள்ளால் பின் யன்னல் வெயில் வந்து, ஓலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே விழுகிற மாதிரி நிலமெல்லாம் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்தது.

"சோறு காணாது," என்றாள் பரராசாவின் மனைவி. "அடுத்த பானையை ஏத்துங்கோ."

தவமலர் மட்டும் பந்தி நெடுக ஓடினாள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தாள். கடைசிவரை பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கி, "இல்லை," என்றாள். அந்த இல்லையில் இருந்தது சந்தோசமா ஏமாற்றமா என்று கேட்டால், அதைக் கேட்கிறவனுக்குப் பிள்ளை காணாமல் போகவில்லை என்று அர்த்தம்.

இனி அவர்களை அனுப்ப வேண்டும். இலையில் கொஞ்சம் எடுத்துக் காகத்துக்கு வைத்து, செத்தவனின் பேரைச் சொல்லி, போட்டு வா என்றால் போய்விடுவான், அதுதான் முறை. பரராசா, "ஏகேயாலை செத்த எல்லாரும் போட்டு வாங்கோ," என்றார். ஒருவரும் அசையவில்லை. தலைப்பாகைக்காரர் ஒருவர் இலையை நீட்டி இன்னும் சொதி கேட்டார். பேர் சொல்லாமல் வரலாம்போல, பேர் சொல்லாமல் போக முடியாது.

ஆகவே இருந்தார்கள். வீட்டுக்கு நாலைந்து பேராகப் பிரித்துக் கூட்டிப்போனார்கள், மத்தியானப் பந்தி மட்டும் வாசிகசாலையிலேயே நடந்தது. குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்த ராகினி அக்கா அரபு தெரிந்தவர்களைத் தன் முற்றத்துக்கு அழைத்து, முன்னம் எசமானியிடம் வாங்கிய ஏச்செல்லாவற்றையும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துத் தீர்த்தாள், அவர்களும் நல்ல சனம், தலையை ஆட்டிக் கேட்டார்கள். தூள் போடாத வெள்ளைக் கறி சமைக்க ஊர் பழகியது. முதுகில் பிள்ளை கட்டிய பெண் வலை பின்னப் பழகினாள். மழை வந்தால் அவர்களுடைய ஓட்டைகளுக்குள்ளால் தண்ணீர் ஒழுகுகிறதென்று, பெண்கள் பழைய சீலைத் துண்டுகளைச் சுருட்டி அடைத்துவிட்டார்கள். இவ்வளவுதான். சனத்துக்கு இதைவிட வேறு வேலை இருந்தது, கடலுக்குப் போக வேண்டும், கார்மென்ட்ஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய வாசிகசாலைப் படியில் புதிதாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கூப்பிட்ட குரல் நின்றாலும் துவக்கு நிற்கவில்லை, எங்கோ ஒரு சந்தையில், எங்கோ ஒரு கிணற்றடியில் அது சுட்டுக்கொண்டே இருந்தது, சுடுபட்ட ஆள் நேரே கண்டல்முனைக்கு வந்தான். தவமலர் விடியக் காலமை ஓடிப் போய் அந்த முகங்களையும் பார்த்தாள். இல்லை. திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள்.

பொலிஸ் பொறுப்பதிகாரி, ஓஐசி, ஜீப்பில் வந்தார். "யார் இந்த ஆக்கள்? பேர் என்ன?"

"தெரியாது ஐயா," என்றார் பரராசா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "பேர் சொல்லக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஓஐசி போய்விட்டார். அவரும் என்ன செய்வார், செத்தவனைப் பிடித்து உள்ளே போட்டால் அவனுக்கும் மூன்று நேரம் சோறு போட வேண்டும்.

கம்சாயினிக்கு இந்த இழவு போதும் என்று வந்துவிட்டது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் வாசிகசாலைக்குப் போய், கம்பளிக் கோட்டுக்காரனுக்கு முன்னால் குந்தி, தன் நெஞ்சைத் தொட்டு, "கம்சி," என்றாள். பிறகு அவன் நெஞ்சை நோக்கி விரலை நீட்டினாள். அவன் யோசித்தான். அவனிடம் யாரும் பேர் கேட்டு எவ்வளவு காலம்! "லாஸ்லோ," என்றான். அவள் அவனுடைய இலையில் ஒரு பிடி எடுத்து மதிலில் வைத்து, "லாஸ்லோ, போட்டு வாங்கோ," என்றாள். காகம் வந்து கொத்தியது. திரும்பிப் பார்த்தால் கோட்டும் இல்லை, ஆளும் இல்லை. அவன் பையில் வைத்திருந்த காய்ந்த பாண் ரொட்டித் துண்டு மட்டும் கிடந்தது.

பிறகு ஊர் முழுக்கப் பேர் கேட்கத் தொடங்கியது. நாக்குச் சுளுக்குகிற பேர்கள். ஜோவாக்கிம். ஹலீமா. குல் முகமது. மீன் சந்தையில் நின்றுகூடச் சனம் அதுகளைச் சொல்லிப் பழகியது. பேர் கேட்கும்போதுதான் கம்சாயினிக்கு விளங்கியது, இவர்கள் பந்தியில் கண்டபடி உட்காரவில்லை, துவக்கின் வயதுப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. பந்தியின் தலைப்பில் இருந்த லாஸ்லோ துவக்குக்குப் பத்து வயது ஆகுமுன்னம் செத்தவன், அது பிறந்த நாட்டின் அயல்காரன். அடுத்தது காட்டுச் சனம், அடுத்தது மலைச் சனம், அடுத்தது பாலைவனம், அதற்குப் பிறகு இந்தத் தீவு. ஜோவாக்கிம்மின் நாட்டில் அந்தத் துவக்கைக் கொடியிலேயே கீறி வைத்திருக்கிறார்களாம், அவன் தன் சட்டையில் இருந்த கொடியைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் கழுத்து ஓட்டையைத் தொட்டுக் காட்டினான். கொடியில் இருந்தது, அவனுக்குள்ளும் இருந்தது.

கார்மென்ட்ஸ் பஸ்ஸில் அவள் கைத்தொலைபேசியில் ஏகே என்று தேடிப் பார்த்தாள். சண்டையில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சிப்பாய், தன் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று காகிதத்தில் துவக்குகளைக் கீறத் தொடங்கினானாம். சேறு போனாலும் மணல் போனாலும் நிற்கக் கூடாதென்று உள்ளே எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்வாக விட்டானாம். பள்ளிக்கூடம் போகாதவனும் ஒரு பின்னேரத்தில் பழகலாமாம். அவ்வளவு லேசாம், அவ்வளவு லேசென்றபடியால் நாட்டுக்கு நாடு அதைப் பார்த்துச் செய்தார்களாம், நண்பனுக்கு அன்பளிப்பாய்க் கொடுத்தார்களாம், நண்பனின் எதிரிக்கும் விற்றார்களாம், அந்த நண்பனும் எதிரியும் ஒரே துவக்கால் ஒருவரையொருவர் சுட்டார்களாம். கீறியவர் தொண்ணூறு தாண்டி, கட்டிலில் கிடந்து, சொந்தச் சாவு செத்தார். புல்லு வெட்டுகிற மெசின் ஒன்றைச் செய்திருக்கலாம் என்று வயது போன காலத்தில் சொன்னாராம்.

"புல்லு வெட்டிற மெசினாம்!" என்று பஸ்ஸுக்குள் கத்தினாள் கம்சாயினி. பக்கத்தில் நித்திரை கொண்டவள் திடுக்கிட்டு எழும்பினாள். "செய்திருக்க வேண்டியதுதானே! ஆர் கையைப் பிடிச்சவங்கள்? ஒரு சின்னப் பிள்ளையாலையும் தூக்க ஏலுமெண்டு செய்துபோட்டு... பிள்ளையளாலை தூக்க ஏலாத மாதிரிச் செய்திருந்தா எங்கடை அண்ணாவை வீட்டிலை விட்டிருப்பாங்களே!"

அந்தக் கோபத்தோடு வந்து, பரராசாவை இழுத்துக்கொண்டு போய் இன்னொரு பந்தி போடச் சொன்னாள். இலை மட்டும், சோறு இல்லை. விளக்கைத் தானே கொளுத்தி, "இந்தத் துவக்காலை வாழ்ந்த எல்லாரும் வாங்கோ! செய்தவை, வித்தவை, வாங்கினவை, சுடச் சொன்னவை, பொடியளின்ரை தோளிலை கொழுவினவை, எங்கடை பகுதி, அவங்கடை பகுதி, எல்லாரும் வாங்கோ!" என்று நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சனம் வெயிலில் நின்றது. திறந்தபோது இலைகள் காய்ந்து சுருண்டு கிடந்தன.

"வரமாட்டினம் பிள்ளை," என்றார் பரராசா. "அவை வீட்டிலை சாப்பிட்டிருப்பினம்."

அப்போதுதான் அவள் மண்டபத்தின் மூலையைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்து ஒருவன் அங்கே இருந்தான். ஆமி உடுப்பு. பத்தொன்பது, இருபது வயது, மீசை இன்னும் ஒழுங்காக வரவில்லை, தொண்டைக்குக் கீழே ஓட்டை. எந்த வீடும் அவனை எடுக்கவில்லை. பரராசாவின் மனைவி ஈர்க்குமாற்றால் தள்ளித் தள்ளி இலையை அவனிடம் விடுவாள். பேர் கேட்க ஒருவரும் போகவில்லை.

கம்சாயினி அவனுக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில், "உனக்கென்ன இங்கே வேலை? ஏன் வந்தாய்?" என்று கேட்டாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "நீங்கள்தானே தங்கச்சி கூப்பிட்டீர்கள். எல்லாரும் வாங்கோ என்று."

 அவள் வந்த கோபத்தில் அவனுடைய சட்டையைப் பிடித்து எழுப்பி, ஊர் பார்க்க, ஒழுங்கை வழியால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களைப் போல இவனையும் அனுப்பிவிட்டு விசயத்தை முடிக்கலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம்.

தவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றுக் கோப்பையைத் தட்டென்று வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். சுவரைப் பார்த்தான். நிமலனின் படம், மாலை போடாத படம். கையில் எடுத்த சோறு கோப்பையிலேயே விழுந்தது.

"இவன்தான்," என்றான், தொண்டைக்குக் கீழே இருந்த ஓட்டையைத் தொட்டு.

"என்னவாம்?" என்றாள் தவமலர்.

கம்சாயினி பொய் சொல்லிப் பழகாதவள். அன்றைக்குத்தான் முதல்முறை ஒரு பொய்யைத் தேடினாள், கிடைக்கவில்லை. "அண்ணாதான் இவரைச் சுட்டவராம், அம்மா."

"பொய்! என்ரை பிள்ளை கோழி அறுக்கிறதைப் பாக்கவும் ஓடுவான். பொய் சொல்லுறான். எழுப்பி அனுப்படி இவனை!"

அவன் சொல்லிக்கொண்டே போனான், கம்சாயினி தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு மண் அணை. அணைக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் நிமலன், திடீரென்று நேருக்கு நேர். இரண்டு பேர் கையிலும் ஒரே துவக்கு, வாழைப்பழம் மாதிரி வளைந்த அதே மகசின். இரண்டு பேரும் பயந்தார்கள். நிமலன் முந்திவிட்டான், கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். பிறகு துவக்கை எறிந்துவிட்டு ஓடி வந்து, பிளாஸ்ரிக் போத்தலைத் திறந்து இவன் வாயில் தண்ணீர் விட்டான். அழுதான். அழுதழுது ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"என்ன சொன்னவர்?" என்றாள் கம்சாயினி.

அர்த்தம் தெரியாது, என்றான் அவன். சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கண்ணை மூடி, தனக்கு விளங்காத பாஷையில், ஒரு பொடியனின் உடைந்த குரலில், ராகம் மாறாமல் சொன்னான்: "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

கம்சாயினி இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தவமலர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பிறகு? பேந்து?" என்றாள். "பேந்து எங்கை போனவன்? ஆர் பிடிச்சது? கையைத் தூக்கினவனோ? கேள்!"

"தெரியாதாம் அம்மா. அதோடை செத்திட்டாராம்."

தவமலர் அவனுடைய முழங்காலைப் பிடித்து உலுப்பினாள். "கொஞ்சம் பிந்திச் செத்திருக்கக் கூடாதோ மோனை? ஒரு துளி பிந்திச் செத்திருந்தாப் பாத்திருப்பாயே!"

அதற்குப் பிறகு அவள் அவனை அனுப்ப விடவில்லை. கொட்டகைக்குப் போவதை நிறுத்தினாள். அறைக்குள் பாய் விரித்து அவனை இருத்தி, தின்னக் கொடுத்து, "சொல்லு மோனை," என்று மகனைக் கேட்கிற மாதிரிக் கேட்பாள். அவன் சொல்லுவான். மகனின் குரல் அந்த ஒரு வசனத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது, அவள் காலையும் மத்தியானமும் அதைக் கேட்டாள், சோறு போல. அவன் மெலிந்துகொண்டே போனான். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கம்சாயினியிடம் சொன்னான். பேரைக்கூடச் சொல்லிவிட்டான், அசேல. தாயின் பேர் சோமாவதி, ஊரையும் சொன்னான். தன்னுடைய உடம்பு கிடைக்கவில்லை, தாய்க்கு ஒரு சேதியும் இல்லை, அவ இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா என்றான். கம்சாயினி இலையை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனபோது தவமலர் அதைப் பறித்து எறிந்தாள்.

"ஒருத்தரும் இவன்ரை பேரைச் சொல்லக் கூடாது!"

 கம்சாயினி சொன்னாள், மெதுவாக அல்ல, அவளுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"ஜீப்பிலை வந்து அவங்கள் சொன்னதும் இதுதான் அம்மா. நீங்களும் இப்ப ஒரு தாயின்ரை பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள். எங்கை வைச்சிருக்கிறதெண்டு சொல்லாமல். பேர் சொல்ல விடாமல். அந்த மனுசியும் எங்கையோ ஒரு படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கும்."

தவமலர் மகளுக்கு அடித்தாள். ஒருபோதும் அடிக்காதவள், கன்னத்தில் அடித்தாள். பிறகு சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். வரும்போது பைக்குள் கணவாய் இருந்தது.

மை போகக் கழுவி, வளையம் வளையமாக வெட்டி, தேங்காய்ப்பாலில், தூள் தூக்கலாகப் போட்டு, அவள் இத்தனை வருடமாகச் சமைக்காத கறியைச் சமைத்தாள். தெருவில் போனவர்கள் வாசனையைப் பிடித்து நின்றார்கள். இலையில் போட்டு, "இது அவன்ரை கறி. தின்," என்றாள். அசேல தின்றான். உறைப்பில் கண்ணீர் வந்தது, நிறுத்தாமல் தின்றான். அவள் கடைசியாக ஒருமுறை சொல்லச் சொல்லுவாள் என்று கம்சாயினி பார்த்திருந்தாள். அவள் சொல்லச் சொல்லவில்லை. எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு, மதிலில் ஒரு பிடி வைத்து, களப்புக்கு அந்தப் பக்கத்து ஆமி முகாமுக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"சோமாவதி பெத்த அசேல! போட்டு வா மோனை!"

காகம் வந்தது. அறைக்குள் பாய் மட்டும் கிடந்தது.

ஜீப் உடனே வந்தது. "பேர் சொன்னது யார்?"

"நான்தான்," என்றாள் தவமலர். "உங்கடை பெடியன்ரை பேர்தான். போய்த் தாயிட்டைச் சொல்லுங்கோ, செத்திட்டான், வந்து சாப்பிட்டிட்டுத்தான் போனவன் எண்டு. எங்களிட்டை உப்பிடி ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நீங்கள் அவவுக்கெண்டாலும் சொல்லுங்கோ."

ஓஐசி கேட்டதைத் திருப்பிக் கேட்டார். "சோமாவதி?" கம்சாயினி சிங்களத்தில் ஊர்ப் பேரையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு, ஜீப்பில் ஏறிப் போனார். சொன்னாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் விடிய வாசிகசாலைப் படியில் புதிதாக வந்தவர்கள் இருந்தார்கள். தவமலர் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தாள். இல்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டை, காலில் ஒரு செருப்பு மட்டும், உடம்பில் இன்னும் சூடு. எந்த நாடோ. தவமலர் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தன் நெஞ்சைத் தொட்டு, "தவமலர்," என்றாள். பெட்டை கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவளுக்குப் பசி, பேர் பிறகுதான். கம்சாயினி கார்மென்ட்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு இலை வெட்டப் போனாள், போகும்போதும் வரும்போதும் புல்லு வெட்டும் மெசினிலிருந்து தொடங்கி, கூப்பிட்டும் வராத ஒவ்வொருவரையும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே.